இணைப்பில்லாதவை மறைக்கப்படும்

செப்டம்பர் 2, திங்கள்

பத்ரிநாத்துக்கு இன்று ஞானோதயம் ஆகியிருக்கிறது.

காலையில் எங்கள் நால்வரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தான். மேனேஜராகி மூன்று வருடமாகியும் அந்த அறைக்குள் நுழையும்போது புது மாப்பிள்ளை மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வதை நிறுத்தவில்லை. விஷயம் இதுதான். ஒன்பது வருடமாக நாங்கள் எழுதிப் பராமரித்துவரும் மென்பொருளைக் கோயம்புத்தூர் ரத்தப் பரிசோதனைக் கம்பெனி தன் கைக்கே எடுத்துக்கொள்ளப் போகிறது. கூடவே எங்களில் மூன்று பேரையும் எடுத்துக்கொள்வார்கள். நாலாவது ஆளுக்கு பெஞ்சு. பெஞ்சு என்றால் வேலையே இல்லாமல் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டு, எச்.ஆர். பெண் சிரித்துக்கொண்டே நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது.

அந்த நாலாவது ஆள் யார் என்று இவன் எப்படித் தீர்மானிப்பான்? இவனுக்கு ஒரு வரி நிரல் படிக்கத் தெரியாது. ஸ்லைடு போடத் தெரியும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான்.

“கோதாவரி, ஜாவா ப்ரோக்ராமைப் படிச்சு தானாவே படம் வரையற டூல் இருக்காமே? கிளாஸ் டயகிராம். அதுல ஒவ்வொருத்தர் எழுதினதுக்கும் ஒரு கலர் குடுத்துடுங்க. யார் எவ்வளவு பண்ணியிருக்காங்கன்னு ஒரே பார்வையில தெரிஞ்சுடும். கஸ்டமருக்கும் அதையே அனுப்பிடலாம்.”

கோலப்போட்டிக்கு நடுவராகப் போகிறவர்கள்கூட இதைவிட யோசிப்பார்கள். “செய்யலாமே” என்றேன். வேறென்ன சொல்வது?

ரித்திகாவும் ஜெரால்டும் பொடிசுகள். மலிவு. அவர்களை யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. மிச்சம் நானும் சுடலைமுத்துவும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த மென்பொருளின் உயிர்நாடியே நான் எழுதிய லேப்மாஸ்டர் கிளாஸ்தான். அதைத் தொட இந்த அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சமையல்காரம்மா சொல்லாமல் லீவு. கடை இட்லி. வீட்டுக்காரர் சிவநேசன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அட்டையை வேகவைத்துக் கொடுத்தாலும் சாப்பிடுவார்.

செப்டம்பர் 4, புதன்

முதல் படம் வந்தது. டூலிடம் எதுவும் சொல்லாமல் ஓட்டினால் இருப்பதையெல்லாம் அப்படியே காட்டிவிடும், ஒளிவுமறைவு தெரியாத ஜந்து. நானூறு பெட்டிகள், அவற்றுக்கு இடையே ஆயிரக்கணக்கில் கோடுகள். அச்செடுத்தால் சிக்கு விழுந்த நூல்கண்டு. பத்ரிநாத் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நான் திருத்தவில்லை.

“என்ன கோதாவரி இது, நூடுல்ஸ் மாதிரி இருக்கு?”

“இதுதான் நம்ம சிஸ்டம்.”

“கொஞ்சம் பிரெசன்டபிளா பண்ண முடியாதா?”

முடியும். அதற்கென்றே ஒரு அமைப்புக் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டளை. பெட்டிக்குள் இருக்கும் உள்விவரங்களை மறை. மதிப்பை எடுப்பதற்கும் வைப்பதற்கும் மட்டுமே இருக்கும் அற்பச் சங்கதிகளை மறை. இடமிருந்து வலமாக அடுக்கு. கோடுகளை வளைக்காமல் நேர்கோணத்தில் மடக்கு. நிழலை எடு. எழுத்தை மாற்று. மதியத்துக்குள் படம் பாதி ஒழுங்குக்கு வந்துவிட்டது.

வீட்டில் சிவநேசன் கேட்டார், “கிளாஸ்னா என்ன? பள்ளிக்கூடத்து கிளாஸா?”

கூட்டுறவு வங்கியில் இருபத்தைந்து வருடம் சீல் குத்திய மனுஷரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி, ஒரு பெட்டி இன்னொரு பெட்டியைக் கூப்பிட்டால் நடுவில் ஒரு கோடு என்றேன்.

“ஓ, சொந்தக்காரங்க படம் மாதிரி. யாருக்கு யார் வேணும்னு.”

“அப்படியே வச்சுக்குங்க” என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

நிறத் திருவிழா. ரித்திகாவுக்கு லாவெண்டர் வேண்டுமாம், ஆனால் அடர்த்தியாக வேண்டாமாம். ஜெரால்டு ஒரு நீலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, லாவெண்டருக்குப் பக்கத்தில் அது மங்கலாகத் தெரிகிறது என்று திரும்பி வந்தான்.

“மேம், அவளோட பாக்ஸ்தான் கண்ணுல படும். என்னோடது பேக்கிரவுண்டு மாதிரி ஆயிடும்.”

“உன் பெட்டி மொத்தம் இருபது. கண்ணில் படாமல் இருந்தால்தான் உனக்கு நல்லது” என்றேன். சிரித்தான். புரியவில்லை போலிருக்கிறது.

இருவரும் அரை மணி நேரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சண்டை போட்டார்கள். ப்ரோக்ராமில் ஒரு பிழையைத் தேட இவ்வளவு நேரம் நின்றிருந்தால் இந்நேரம் ஆளாகியிருப்பார்கள்.

சுடலைமுத்துவிடம் நானாகப் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. கணினிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எனக்கு எதுனாலும் சரிதான்க்கா. மிஞ்சுனதைக் குடுங்க.”

அக்கா! ஆறு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், அலுவலகத்தில் அக்கா தம்பி எல்லாம் கூடாது என்று. திருநெல்வேலியை விட்டு வந்தவன் அந்தப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை. தனக்கு ஒரு நிறம் வேண்டுமென்று கேட்கக்கூடத் தெரியாதவனை என்ன செய்வது? வெளிர் பச்சை கொடுத்தேன்.

எனக்கு மஞ்சள். தூரத்திலிருந்தே தெரியும் என்பதற்காக அல்ல. எனக்கு மஞ்சள் பிடிக்கும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை ஐந்தாறு வெடித்துவிட்டன. வெடித்ததையெல்லாம் அவர் தட்டில் வைத்தேன்.

“நாலு பேர்ல ஒருத்தர் போகணும்னியே, யாரு?” என்றார்.

“எனக்கென்ன தெரியும்? நான் இல்ல.”

“நான் கேக்கவே இல்லியே, நீயான்னு.”

சில சமயம் இந்த மனுஷர் வாயைத் திறக்காமல் இருப்பதே மேல். சந்தை நிலவரம் பார்க்கலாமே என்று போன மாதம் மூன்று கம்பெனிகளுக்கு என் விவரத்தை அனுப்பியிருந்தேன், சும்மாதான். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. நான்காவதாக ஒரு இடத்தில் ஒரு பையன் வீடியோவில் வந்து, “நாற்பத்தாறு வயசுல புது டெக்னாலஜி கத்துக்கறது கம்ஃபர்ட்டபிளா இருக்குமா மேம்?” என்று கேட்டான். மீசைகூட சரியாக முளைக்கவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டேன். முட்டாள்கள் நடத்தும் இடத்தில் நான் ஏன் வேலை பார்க்க வேண்டும்?

செப்டம்பர் 9, திங்கள்

படத்தில் ஒரு தொல்லை. வலது ஓரம் முழுக்க சுடலைமுத்துவின் பச்சைப் பெட்டிகள், ஒரு கோடு கூட இல்லாமல் தனித்தனியாக நிற்கின்றன. யாரும் அவற்றைக் கூப்பிடுவதில்லை, அவையும் யாரையும் கூப்பிடுவதில்லை. அவை இடத்தை அடைத்துக்கொள்வதால் டூல் மொத்தப் படத்தையும் சுருக்குகிறது. நடுவில் கம்பீரமாக நிற்க வேண்டிய லேப்மாஸ்டர் தபால்தலை அளவுக்குப் போய்விட்டது.

கூப்பிட்டுக் கேட்டேன்.

“அதுக பேரு தனியா ஒரு ஃபைல்ல இருக்குக்கா” என்றான். “ரிசல்ட்டு வந்ததும் ஃபைலைப் பாத்து, எது வேணுமோ அதைப் பேரு சொல்லி எழுப்பிக்கிடும். பொட்டாசியம் ஏறிட்டா ஒண்ணு, சர்க்கரை இறங்கிட்டா ஒண்ணு. டாக்டருக்கு மெசேஜ் போட்டுட்டு அது பாட்டுக்குப் படுத்துக்கிடும். ப்ரோக்ராமுக்குள்ள யாரும் யாரு பேரையும் எழுதல, அதான் டூலுக்குக் கோடு தெரியல.”

“எல்லாத்தையும் லேப்மாஸ்டர் வழியா கூப்பிட வேண்டியதுதானே? நான் அப்பவே சொன்னேன்ல?”

“சொன்னீங்க. ஆனா லேப்மாஸ்டர் நின்னாலும் இது ஓடணும்லாக்கா. ஆளு உசுரு விஷயம்.”

லேப்மாஸ்டர் நின்றாலுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இவன் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே நான் ஜாவா எழுத ஆரம்பித்தவள். “சரி, போ” என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி: இணைப்பில்லாதவற்றை மறை.

ஓட்டினேன். வலது ஓரம் துடைத்தாற்போல் ஆகிவிட்டது. படம் தாராளமாக விரிந்தது. மற்ற பெட்டிகளுக்குப் பெயர் மட்டும் போதும், லேப்மாஸ்டருக்கு மட்டும் அதன் வேலைகள் எல்லாம் தெரிய வேண்டும் என்று வைத்தேன். இது எல்லோருக்கும் பயன்படும் விவரம். எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்கினேன். பெட்டி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடுகள் என்று ஒரு வசதி உண்டு, அவற்றைப் போட்டால் பெட்டி நாம் சொல்லும் திசைக்கு நகரும், பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நாலைந்து போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தேன். நாலா பக்கமிருந்தும் அம்புகள் மஞ்சளை நோக்கி வருகின்றன. அழகாக இருக்கிறது. அழகை அழகென்று சொல்வதில் தவறில்லை.

கீழே எந்த நிறம் யாருடையது என்ற விளக்கத்தில் பச்சைக்குப் பக்கத்தில் சுடலைமுத்து என்று இருந்தது. படத்தில் பச்சையே இல்லாதபோது அந்த விளக்கம் எதற்கு? எடுத்துவிட்டேன்.

படம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, புதன்

பத்ரிநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. “இப்பதான் சிஸ்டம் மாதிரி இருக்கு!” என்று கண்ணாடி அறைச் சுவரில் பெரிதாக ஒட்டச் சொன்னான். இந்த முறை நேராகப் பிடித்திருந்தான்.

“நடுவுல இருக்கிறது நீங்களா கோதாவரி?”

“ஆமாம்.”

“சுடலைமுத்து எங்க? காணோமே?”

“ஒண்ணோட ஒண்ணு இணைப்பு இருக்கிறது மட்டும்தான் இதில் வரும்.”

“அப்ப அவனோடது எதுக்கும் இணைப்பில்லையா?”

“இல்லை.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பத்ரிநாத் அதிலிருந்து என்ன புரிந்துகொண்டான் என்பது அவனுடைய மூளைக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம், அவர்கள் இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மிக்ஸி ரிப்பேர். கடைக்காரன் புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதையும் சரிசெய்யத் தெரியாதவர்களெல்லாம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 16, திங்கள்

சுடலைமுத்துவிடம் சொல்லிவிட்டார்கள்.

கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தவன் நேராகத் தன் இடத்துக்குப் போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்றான். எனக்கு வேலை இருந்தது, ஆனாலும் அவன் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு படத்தைப் பார்ப்பான்? பிறகு என் மேஜைக்கு வந்தான்.

“அக்கா, படத்துல என்னோடதைக் காணலியே?”

“கோடு இல்லாததெல்லாம் வராது. டூல் அப்படி.”

“டூல் அப்படியா?”

“ஆமா.”

“சரிக்கா” என்றான்.

அவ்வளவுதான். கத்தவில்லை, பத்ரிநாத்திடம் போய் முறையிடவில்லை. தனக்காக ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாதவனுக்கு உலகம் இப்படித்தான் செய்யும். இந்த ஜூனில்தான் மகளை மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறான், பக்கத்திலேயே வீடும் மாற்றினான். அதெல்லாம் அவனல்லவா யோசித்திருக்க வேண்டும்?

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சமையல்காரம்மா புளிக்குழம்பை ஊசவைத்திருப்பாள் என்று தோன்றியது. வீட்டில் அவர் அதையே சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 18, புதன்

நெஞ்செரிச்சல். காபியை நிறுத்த வேண்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று ராஜினாமா கொடுத்துவிட்டான். உடனே விடுவித்துவிட்டார்கள். கேக் வெட்டினோம். ரித்திகா அழுதாள். அவள் விளம்பரம் பார்த்தாலும் அழுவாள். பத்ரிநாத் ஒரு சொற்பொழிவு ஆற்றினான், அதில் ‘பயணம்’ என்ற சொல் பத்துத் தடவையாவது வந்திருக்கும். சுடலைமுத்து எல்லோருக்கும் கேக் துண்டு எடுத்துக் கொடுத்தான். எனக்கும்.

“வாரேன்க்கா. உடம்பைப் பாத்துக்கிடுங்க” என்றான்.

கேக்கில் க்ரீம் அதிகம். பாதியைக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன், கோயம்புத்தூர்

அறையில் கொசு. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலை ரயிலில் பத்ரிநாத்தும் நானும் வந்தோம். வழியெல்லாம் அவன் ஸ்லைடைத் திருத்திக்கொண்டே வந்தான். கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவி யசோதா என்று ஒரு பெண்மணி, ஐம்பதைத் தாண்டியிருக்கும். காட்டன் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. பார்த்தவுடன், இவளுக்குக் கொஞ்சம் அலங்காரம் போதும், ஏமாந்துவிடுவாள் என்று நினைத்தேன். பத்ரிநாத்தும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். அவன் எண்ணமும் என் எண்ணமும் ஒத்துப்போனபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நாங்கள் அனுப்பியிருந்த படத்தைச் சுவரளவுக்கு அச்செடுத்து மாட்டியிருந்தாள். பத்ரிநாத் ஸ்லைடைத் திறப்பதற்குள் எழுந்துபோய் அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

“ஏனுங்க, இந்த நடுவுல மஞ்சளா இருக்குதுங்களே, இது யாருங்க பண்ணுனது?”

“நான்தான்” என்றேன்.

“அத்தனை கோடும் இதுக்குள்ளயே வந்து விழுகுதுங்களே.”

“ஆமாம். இது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.”

“அதேதானுங்க நானும் பாத்தேன்.” அவள் முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை. “போன வருசம் ஒரு டெஸ்ட்டோட பேரை மாத்தோணும்னு கேட்டோம். அதுக்கு எங்க லேப் அத்தனையும் ஒருநாள் பூரா நிறுத்திப்போட்டீங்க. ஒரு பேரை மாத்தறதுக்கு எதுக்குடா இத்தனை பாடுன்னு எனக்கு அன்னிக்குப் புரியலீங்க. இந்தப் படத்தைப் பாத்ததும்தான் புரிஞ்சுதுங்க. இதைத் தொட்டா எல்லாம் ஆடும், இல்லீங்களா?”

பத்ரிநாத் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

“கோவிச்சுக்காதீங்க” என்றாள். “இவ்வளவு தெளிவா எடுத்துக் காட்டினீங்க பாருங்க, அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லோணும். நாங்களாத் தேடியிருந்தா ரெண்டு மாசம் ஆயிருக்குமுங்க.”

இந்த ‘ங்க’வை வைத்து மனிதரை இப்படி உரிக்க முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கியது நான். நடுவுக்கு நகர்த்தியது நான். குற்றவாளியை மேடையேற்றி விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது.

அதோடு விட்டாளா? படத்தின் ஓரம் வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டு போனாள்.

“இன்னொண்ணு தேடிட்டே இருக்கறேனுங்க, அகப்பட மாட்டேங்குது. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சுன்னா டாக்டருக்கு மெசேஜ் போவுதல்லங்க? அது எங்கீங்க?”

பத்ரிநாத் மடிக்கணினியில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தான்.

“ஏன் கேக்கறேன்னா, நீங்க எல்லாத்தையும் நிறுத்துன அன்னிக்கும் அது நிக்கலீங்க. மெஷின்ல இருந்து ரிசல்ட்டு வர வர மெசேஜ் போயிட்டேதான் இருந்துச்சு. அன்னிக்கு பொள்ளாச்சியில ஒருத்தரை அதனாலதான் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்துனாங்க. அதைப் பண்ணுனவரை எப்படியாச்சும் எடுத்துப்போடோணும்னு முதல்லயே முடிவு பண்ணி வெச்சிருந்தேனுங்க.”

“கோதாவரி...” என்றான் பத்ரிநாத்.

“அது படத்தில் இல்லை” என்றேன். “மற்றதோட இணைப்பு இல்லாததை மறைக்கும்படி அமைத்திருக்கிறேன்.”

“இணைப்பு இல்லாம இருக்கறதுதானுங்களே அதோட நல்ல குணமே” என்றாள் யசோதா. “சரி, அவரு இன்னிக்கு வந்திருக்காருங்களா?”

பத்ரிநாத் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 27, வெள்ளி

திரும்பும் ரயிலில் ஈரோடு வரை அவன் ஸ்லைடைத் தொடவேயில்லை. பிறகு யசோதா அனுப்பிய நிபந்தனைகளைப் படித்துக் காட்டினான். சுடலைமுத்துவைத் திரும்ப அழைத்து வர வேண்டும். லேப்மாஸ்டரை உடைத்து இருபது முப்பது சின்ன கிளாஸ்களாகப் பிரிக்க வேண்டும். அது அதை எழுதியவளுக்கு மட்டும்தான் புரியும் என்பதால் பிரித்து முடிக்கும் வரை என்னை வைத்துக்கொள்வார்கள். முடிந்த பிறகு தேவையில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் அனுப்ப வேண்டும், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. நிறம் வேண்டாம். எதையும் மறைக்க வேண்டாம்.

“நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றான்.

“நீ கேட்டிருக்கலாம்” என்றேன். முதல்முறையாக அவனை நீ என்று சொன்னேன். அவன் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டுச் சும்மா இருந்தான். எதுவாயிருந்தாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“சுடலைமுத்துகிட்ட நீங்கதான் பேசணும். உங்களைத்தான் அக்கான்னு கூப்பிடுவான்.”

செப்டம்பர் 30, திங்கள்

பேசவில்லை. தண்ணீர் லாரிக்காரனோடு பாதி நாள் போயிற்று.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. ஜெரால்டு என்னிடம் வந்து, “மேம், எங்களுக்கெல்லாம் பிரச்சினை இல்லையே?” என்று கேட்டான். இல்லை என்றேன். நிம்மதியாகப் போய் பிரியாணி ஆர்டர் செய்தான்.

அக்டோபர் 4, வெள்ளி

முதல் வெள்ளிக்கிழமைப் படம். அமைப்புக் கோப்பில் நான் எழுதியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு ஓட்டினேன். கறுப்பு வெள்ளையில் நானூறு பெட்டிகளும் வந்து விழுந்தன. இந்த வாரம் லேப்மாஸ்டரிலிருந்து ரசீது அடிக்கும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்திருக்கிறேன். ஒரு சின்னப் பகுதிதான். அதைப் பிடுங்கும்போதே ஏழெட்டு இடத்தில் உடைந்தது. ஒவ்வொன்றும் நான் ஏதோ ஒரு சனிக்கிழமை, அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒட்டுப்போட்ட இடம். மோசமான வேலை. வேறு யாராவது எழுதியிருந்தால் அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

அனுப்பிவிட்டு, அலுவலக மாடிப்படியில் நின்று சுடலைமுத்துவைப் போனில் கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

“சொல்லுங்கக்கா. நல்லாருக்கீங்களா? நெஞ்செரிச்சல் எப்படியிருக்கு?”

அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரி தேடுகிறாள், பழைய இடம், இன்னும் நல்ல பதவி, மகள் பள்ளிக்கூடத்தையும் மாற்ற வேண்டியதில்லை, இங்கிருந்தே வேலை செய்யலாம்.

“இல்லக்கா. இங்க வேற கம்பெனியில சேந்துட்டேன். வரல.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டுத்தான் சொல்லுதேன்.”

வைத்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. “படத்துல அப்படி ஆனதுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“அந்த வரி தானா வராதுல்லாக்கா” என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. “சும்மா ஓட்டுனா அந்த டூலு எல்லாத்தையும்தான் காட்டும். மறைன்னு யாராவது உக்காந்து எழுதணும். அன்னைக்கு உங்க மேஜைக்கு வாரதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா சரின்னுட்டுப் போன? ஏன் கேக்கல?”

பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது.

“டூல் அப்படின்னு சொல்லிட்டீங்க. மேல கேட்டா, அதைக் காப்பாத்த இன்னொரு பொய் சொல்லுவிய. ஆறு வருசம் அக்கான்னு கூப்பிட்டுட்டு, அதையும் உக்காந்து கேக்க மனசில்ல. ஒண்ணோட போகட்டும்னு விட்டுட்டேன்.”

ஏதோ சொல்லிவிட்டு வைத்தேன். படியிலேயே உட்கார்ந்தேன். துப்பில்லாதவன் என்று இவனை எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் வெட்கப்படுவது உடம்புக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டேன். சுத்தம் செய்யும் பெண் வந்து, “மேடம், கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்ற பிறகுதான் எழுந்தேன்.

வீட்டில் தோசை. சிவநேசன் இரண்டாவது தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பையன்கிட்ட பேசினியா? வர்றானா?”

“வரமாட்டானாம்.”

“ஏனாம்?”

“திமிரு” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தோசையைப் பார்த்தார்.

இரண்டாவது பொய்யையும் சொல்லிவிட்டேன்.